யெரெவானில் ஏழு நாள், மூன்று நிமிடப் பாட்டுக்காக

டிசம்பர் 7, 2022, புதன்

ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவான். அதன் ஸ்வார்த்நோத்ஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. சார்ஜாவில் விமானம் மாறிய இடத்தில் தங்கிவிட்டதாம். ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, மகளுக்குப் போட்ட முறுக்கு எல்லாம் அதற்குள். வெளியே கதவு திறந்ததும் அடித்த குளிரில் பல் கிட்டிப்போனது. மகள் தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டு, "வா, டாக்ஸியில ஹீட்டர் இருக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் இங்கே மருத்துவம் படிக்கிறாள், நான்காம் ஆண்டு. யெரெவானில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதற்காக வந்திருக்கிறார்கள். "ஒரு தடவை வந்து பாரும்மா" என்று வருடா வருடம் கூப்பிடுவாள். சனி ஞாயிறு வகுப்பை விட்டு எப்படி வருவது என்று நானும் தட்டிக் கழிப்பேன். கும்பகோணத்தில் 22 வருடமாகக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை அவள் தூண்டிலைச் சரியாகப் போட்டாள். "இங்க ஜூனியர் யூரோவிஷன் நடக்குது, டிக்கெட் எடுக்கட்டுமா?" அடுத்த நாளே விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டி. பெரியவர்களுக்கான அதைப் போல, 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக நடக்கும் போட்டி இது. 2003இல் கோபன்ஹேகனில் தொடங்கியது. நாட்டுக்கு ஒரு பாட்டு. போன வருடம் பாரிசில் ஆர்மீனியா ஜெயித்ததால் இந்த வருடம் போட்டி யெரெவானுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, 11ஆம் தேதி, 16 நாடுகள்.

மகள் வாடகைக்கு இருப்பது ஒரு பாட்டியம்மா வீட்டின் பின்னறையில். அவரை டாட்டிக் என்றுதான் அழைக்கிறாள், பாட்டி என்று அர்த்தம். கன்னத்தில் முத்தம் கொடுத்து உள்ளே அழைத்தார். கோட்டில்லாமல் வந்த கதையைக் கேட்டதும் பீரோவைத் திறந்து தன் பழைய கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அதிகம் பேசவில்லை. சன்னலோரம் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மகள் மெதுவாகச் சொன்னாள்: 1988இல் இதே டிசம்பர் 7, காலை 11:41க்கு ஸ்பிதாக் நிலநடுக்கம். சுமார் 25,000 பேர் போய்விட்டார்கள். டாட்டிக்குக்குச் சொந்த ஊர் கியூம்ரி, பாதி நகரம் இடிந்த ஊர். யாரை இழந்தார் என்று மகள் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 8, வியாழன்

டாட்டிக் இன்று வேறு ஆள். ஜஸ்வே என்கிற நீளக் கைப்பிடிச் செம்புக் குவளையில் காபி காய்ச்சிக்கொண்டே போட்டியின் முழு வரலாற்றையும் சொல்லி முடித்துவிட்டார். மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே இதற்கு மன்ககான் யெவ்ரடெசில் என்று பெயர்.

2007இல் ஆர்மீனியா முதன்முதலாகக் கலந்துகொண்டது, ராட்டர்டாமில். அரெவிக் என்ற குழு பாடியது. பெலாரசுக்கு 137, ஆர்மீனியாவுக்கு 136. ஒரே ஒரு புள்ளி! டாட்டிக் இதைச் சொல்லும்போது 15 வருடம் போன மாதிரியே இல்லை, நேற்று ராத்திரி தோற்றதுபோல விரலை ஆட்டினார். 2010இல் மின்ஸ்க். விளாதிமிர் அர்ஸுமான்யான் என்ற பையன் 'மாமா' என்று அம்மாவைப் பாடினான். ஆர்மீனியாவுக்கு 120, ரஷ்யாவுக்கு 119. ஒரு புள்ளியில் போனது ஒரு புள்ளியிலேயே திரும்பி வந்தது. அந்தப் பையன் நகோர்னோ கராபக்கில் ஸ்தெபனகெர்ட்டில் பிறந்தவன். ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் வெகுநாள் தகராறாக இருக்கும் பகுதி அது. அதைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

அப்புறம் 2020. மலேனா என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பாட்டும் தயாராகிவிட்டது. செப்டம்பர் 27 அன்று கராபக் போர் மூண்டது. 44 நாள் நடந்தது. ஆர்மீனியா அந்த வருடம் போட்டியிலிருந்து விலகியது. வீட்டுக்கு வீடு பையன்கள் போர்முனைக்குப் போயிருக்கும்போது யார் போய் மேடையில் பாடுவது? மறு வருடம் அதே மலேனாவை 'காமி காமி' என்ற புதுப் பாட்டோடு பாரிசுக்கு அனுப்பினார்கள். காமி என்றால் காற்று. 224 புள்ளி, முதலிடம். பாடும் வாய்ப்பு கைநழுவிப் போன பிள்ளைக்கு ஒரு வருடம் காத்திருந்து அதைத் திருப்பிக் கொடுத்தார்களே, அந்த இடத்தில்தான் இந்த நாட்டின் மீது எனக்குப் பிரியம் உண்டாயிற்று. கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போன வருடம் இருபது முறையாவது கேட்டிருப்பேன். அப்போது இந்தக் கதை தெரியாது.

இந்த வருடம் நாரே என்ற பெண். பாட்டின் பெயர் 'டான்ஸ்!' ஆர்மீனிய மொழியும் ஆங்கிலமும் கலந்த துள்ளல் பாட்டு.

போட்டி விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. புதுப் பாட்டாக இருக்க வேண்டும். வரிகளில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். பாடுகிற குழந்தை மேடையில் நேரடியாகத்தான் பாட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கும் சேரும்போது நடப்பதைப் பாருங்கள். ஒரு நாட்டில் கவிஞர், இசையமைப்பாளர், நடன ஆசிரியர், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுக் குரலுக்கு எது பொருந்தும், அந்த வயது எதைச் சொல்ல ஆசைப்படும் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள்.

நம் ஊரில் குழந்தைகள் பாடுகிற நிகழ்ச்சிகளுக்கு என் மாணவர்கள் போயிருக்கிறார்கள். எட்டு வயதுப் பெண் காதல் தோல்விப் பாட்டைப் பாடுவாள். சங்கதி ஒன்று விடாமல் பாடுவாள், நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். என் கண்ணிலும் தண்ணீர் வரும். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தும். அவள் குரல் இன்னொருவர் குரலின் அச்சாகத்தான் இருந்தது. சுருதி அவளுக்குச் சேராது, பெரியவர்கள் பாடிய சுருதியிலேயே பிடித்து இழுத்துத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவளுக்கென்று, அவள் வயதுக்கென்று, இதுவரை யாரும் பாடாத பாட்டு ஒன்றை 22 வருடத்தில் நான் ஒரு குழந்தைக்குக்கூடக் கொடுத்ததில்லை.

பெட்டி சாயங்காலம் வந்தது. முறுக்கு பாதி நொறுங்கியிருந்தது. டாட்டிக் தூளைக்கூட விடவில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

மகளுக்கு வகுப்பு. தனியாக மெட்ரோவில் போனேன். 100 திராம் கொடுத்ததும் ஒரு பிளாஸ்டிக் வில்லை தந்தார்கள், அதைப் போட்டதும் வழி திறந்தது. நகரும் படிக்கட்டு கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1981இல் தொடங்கிய மெட்ரோ, மொத்தமே 10 நிலையங்கள். தொலைந்து போகப் பயப்பட வேண்டியதில்லை.

போனது கோமிதாஸ் அருங்காட்சியகத்துக்கு. ஆர்மீனிய இசை என்று எதைத் தொட்டாலும் இவரிடம்தான் வந்து நிற்கும். கிராமம் கிராமமாக நடந்து ஆயிரக்கணக்கில் நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதிவைத்த துறவி. உழவுப் பாட்டு, தாலாட்டு, கல்யாணப் பாட்டு எல்லாம். ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்களின் இனப்படுகொலை தொடங்கிய 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் கைது செய்யப்பட்ட ஆர்மீனிய அறிஞர்களில் இவரும் ஒருவர். உயிரோடு திரும்பினார், மனசு திரும்பவில்லை. கடைசி இருபது வருடத்தில் பெரும்பகுதியை மனநல மருத்துவமனைகளில் கழித்து, 1935இல் பாரிஸ் அருகே இறந்தார்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். என்னை உட்கார வைத்தது அவருடைய பன்னிரண்டாவது வயது. அப்போது பெயர் சொகோமோன். துருக்கியில் குத்தாஹியா என்ற ஊர். அம்மா அப்பா இருவரும் இல்லை. அந்த ஊர் ஆர்மீனியர்கள் வீட்டிலும் வெளியிலும் பேசியது துருக்கி மொழிதான். குரல் நன்றாக இருக்கிறது என்று 1881இல் எச்மியாட்சின் மடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மடத்தின் தலைவர் ஆர்மீனிய மொழியில் ஏதோ கேட்க, பையனுக்குப் புரியவில்லை. எனக்கு ஆர்மீனிய மொழி தெரியாது, வேண்டுமானால் பாடுகிறேன் என்கிறான். அர்த்தம் தெரியாமலே ஆர்மீனியத் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடுகிறான். தலைவருக்குக் கண் கலங்கிவிடுகிறது, பையனைச் சேர்த்துக்கொள்கிறார்.

மொழி தெரியாத ஒரு குழந்தை பாட்டின் வழியாக மொழிக்குள் நுழைந்து, பிறகு அந்த மொழியின் பாட்டையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அருங்காட்சியகப் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு இருந்த அம்மா, உடம்பு சரியில்லையோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரவு இணையத்தில் வாக்களிப்பு தொடங்கியது. உலகத்தில் எங்கிருந்தும் வாக்களிக்கலாம். ஆனால் ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர முடியாது. சொந்த நாட்டுக்கும் போடலாம், கூடவே மற்ற நாடுகளுக்கும் போட்டாக வேண்டும். டாட்டிக் மகளின் கணினி முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாரேவுக்குப் போட்டாயிற்று. மீதி யாருக்கு? முக்கால் மணி நேரம் எல்லாப் பாட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். "எல்லாம் குழந்தைகள், சும்மா போடக்கூடாது" என்றார். ஜார்ஜியாவுக்கு ஒன்று, உக்ரைனுக்கு ஒன்று. உக்ரைனுக்குப் போடும்போது பாட்டை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, பட்டனை அழுத்திவிட்டார்.

டிசம்பர் 10, சனி

போட்டி நடக்கும் கரென் தெமிர்ச்சியான் அரங்கம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அதே குன்றில்தான் 1915 இனப்படுகொலையின் நினைவிடமும். நாளை கூட்டத்தில் முடியாது என்று இன்றே போனோம். 44 மீட்டர் உயரக் கூம்பு ஒன்று. பக்கத்தில் வட்டமாகச் சாய்ந்து நிற்கும் 12 பெரிய கற்சுவர்கள். நடுவில் பள்ளத்தில் அணையாத தீ. படியிறங்கினால் காற்றுச் சத்தம்கூட அடங்கிவிடுகிறது. ஒரு கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வந்தேன்.

மேலே ஏறி வெளியே வந்தால், காற்றில் ஒலிச்சோதனை மாதிரி ஏதோ ஒரு தாளம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குடியரசுச் சதுக்கத்துக்கு இறங்கிப் போய்ச் சூடாக காத்தா ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். வானம் தெளிந்து அராரத் மலை தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில் இருக்கும் மலை அது. ஊர் முழுக்க எந்தச் சுவரில் பார்த்தாலும் அதன் படம்.

டிசம்பர் 11, ஞாயிறு

இப்போது இரவு ஒரு மணி. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

நிகழ்ச்சி மாலை ஏழுக்கு. ஐந்தரைக்கே போய்விட்டோம். இந்த அரங்கம் 1983இல் கட்டி, 1985இல் தீப்பிடித்து, மறுபடி 1987இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சிறகு விரித்த பறவை. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். போட்டியின் சின்னம் பம்பரம். நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த பொருள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் பின்வரிசையில் ஒரு டீச்சரும் பள்ளிப் பிள்ளைகளும். எந்த நாட்டில் போய்ப் பார்த்தாலும் டீச்சரைத் தெரிந்துவிடும், உட்காரும் முன் தலையை எண்ணுவார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, சென்னைப் பக்கம் என்று மகள் சொன்னதும், "மெட்ராஸ்?" என்று நெஞ்சில் கை வைத்தார். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை வெளிவந்தது நம் சென்னையில்தான். 1794இல், ஹாருத்யுன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார் நடத்திய 'அஸ்தரார்'. சென்னைப் பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு இருப்பதையும், அந்தப் பெயரை நம் மக்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டதையும், தேவாலயத்தில் இன்னும் பெரிய மணிகள் தொங்குவதையும் மகள் மூலம் சொன்னேன். டீச்சர் பிள்ளைகளைத் திருப்பி உட்காரவைத்து அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னார். நீங்கள் யெரெவானா என்று கேட்டேன். இல்லை, ஸ்தெபனகெர்ட், மலைப்பாதையில் நாள் முழுக்கப் பேருந்தில் வந்தோம் என்றார். ஒரு பெண்பிள்ளை கையை நீட்டி எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள்.

தொகுப்பாளர்களில் ஒருத்தி கரினா, 2019இல் போலந்தில் ஆர்மீனியாவுக்காகப் பாடிய பெண். கூடவே ராபின் என்ற இயந்திர மனிதன். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளோடு பேசிப் பயம் போக்குவதற்காக ஆர்மீனியாவில் செய்தது. அதை மேடைக்குக் கொண்டுவரத் தோன்றிய மனசை என்ன சொல்ல.

ஒவ்வொரு பாட்டையும் எழுத இடமில்லை. ஐரிஷ் மொழியில் 'சொலஸ்', அதாவது வெளிச்சம் என்று ஒரு பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சுருதி கொஞ்சம்கூடக் கரையவில்லை. மூச்சு எடுக்கும் இடம் தெரியவே இல்லை. யாரோ பொறுமையான ஒரு வாத்தியார் பின்னால் இருக்கிறார். 2005க்குப் பிறகு முதல் முறையாக வந்த பிரிட்டனின் ஃப்ரேயா ஸ்கை கச்சிதம். பிரான்சின் லிசாந்த்ரோ, பழைய ராக் அண்ட் ரோல் பாணியில் 'ஓ மாமான்!' என்று மேடைக்கு வந்தான். முதல் வரியிலேயே முழு அரங்கமும் அவன் கைக்குள் போய்விட்டது. ஒரு குழந்தை தனக்குச் சரியான பாட்டு கிடைத்து, அதில் விளையாடும்போது உடம்பில் எங்கேயும் இறுக்கம் இருக்காது. தோளைப் பார்த்தாலே தெரியும். என் வகுப்பில் நான் முதலில் பார்ப்பது தோளைத்தான்.

பதினைந்தாவதாக நாரே. பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் நாற்காலி அதிர்ந்தது. இங்கே பிரியமானவர்கள் பெயரோடு 'ஜான்' சேர்த்துச் சொல்வார்கள், நாம் கண்ணு, தங்கம் என்கிறோமே அப்படி. "நாரே ஜான்! நாரே ஜான்!" என்று பின்வரிசைப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் பயந்துகொண்டே இருந்தேன். சொந்த ஊர் மேடை, முழு நாடும் பார்க்கிறது, வேகமான பாட்டு, ஆடிக்கொண்டே பாட வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். அவளுக்கு முட்டவில்லை. ஆட்டம் ஏற ஏறக் குரல் இன்னும் தெளிவானது. மூன்று நிமிடம் முடிந்ததும் என் கை தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை மகள் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்தது, கடைசியாக, உக்ரைன். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த ஸ்லாத்தா என்ற பெண், 'நெஸ்லாம்னா', உடைக்க முடியாதவள் என்ற பாட்டு. நாரேவுக்குக் கத்திய அதே கூட்டம் அமைதியாகி, கைப்பேசி விளக்குகளை ஏற்றிப் பிடித்தது. பின்வரிசைப் பிள்ளைகளும்.

பாதிப் புள்ளி நடுவர்களுடையது, பாதி இணைய வாக்கு. நடுவர் குழுவிலும் குழந்தைகள் உண்டு. கடைசிப் புள்ளி வரை யாராலும் உட்கார முடியவில்லை. பிரான்ஸ் 203. ஆர்மீனியா 180, இரண்டாமிடம். ஜார்ஜியா 161, மூன்றாமிடம். 2007, 2009, 2015, 2016, இப்போது 2022 என்று ஆர்மீனியாவுக்கு இது ஐந்தாவது இரண்டாமிடம். ஒரு கணம் அரங்கத்தில் பெருமூச்சு கேட்டது. அப்புறம் லிசாந்த்ரோ கோப்பையை வாங்கிக்கொண்டு மறுபடி பாட, எல்லோரும் கூடவே பாடினார்கள். எனக்குச் சாக்லேட் கொடுத்த பெண் அழுதுகொண்டே ஆடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் டாட்டிக் தொலைக்காட்சி முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "23 புள்ளி" என்றார். இனி இதுவும் அவர் கணக்கில் இருக்கும்.

டிசம்பர் 12, திங்கள்

மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். ஓபரா அரங்கத்துக்குப் பக்கத்தில் உறைந்த குளத்தில் பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, என் நோட்டில் ஆறு மாணவர்களின் பெயரை எழுதினேன். ஒவ்வொருவருக்கும் எதிரே அவர்களுக்குச் சேரும் கட்டை, குரலின் எல்லை, அவர்கள் அதிகம் பேசும் விஷயம். ஒருவன் மாடு பற்றியே பேசுவான். ஒருத்திக்குத் தம்பி பிறந்திருக்கிறான். எங்கள் தெருவில் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல சந்தம் கைவரும். ஆளுக்கு ஒரு புதுப் பாட்டு, மூன்று நிமிடம். கேட்டுப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பியபோது டாட்டிக் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கராபக்குக்குப் போகும் லாச்சின் சாலையை இன்று காலை அஜர்பைஜான்காரர்கள் மறித்துவிட்டார்களாம். ஆர்மீனியாவிலிருந்து அங்கே போக இருப்பது அந்த ஒரே சாலை.

டிசம்பர் 13, செவ்வாய்

விமான நிலையத்தில் எழுதுகிறேன். சாலை திறக்கவில்லை. போட்டியைப் பார்க்க யெரெவானுக்கு வந்த கராபக் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியாமல் கோரிஸ் என்ற ஊரிலேயே நின்றுவிட்டார்கள் என்று மகள் கைப்பேசியில் படித்துச் சொன்னாள். நம் பின்வரிசைப் பிள்ளைகளா என்று கேட்டேன். பெயரெல்லாம் போடவில்லை என்றாள். அந்த டீச்சரின் எண்ணையாவது வாங்கியிருக்கலாம், தோன்றவில்லை.

டாட்டிக் தன் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அடுத்த வருடம் வரும்போது போட்டுக்கொண்டு வா என்றாராம். பாதுகாப்புச் சோதனையில் பைகளைக் காலி செய்யச் சொன்னபோது, கோட்டுப் பையில் அந்தச் சாக்லேட் இருந்தது. சாப்பிடவில்லை. ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.